எல்லாருக்கும் திறந்த டைரக்டரி

1997 ஜூன், புதன் இரவு.

ஆஸ்பத்திரி லேபுக்கு நான் சி மொழியில் எழுதிய புரோகிராம், வருடம், மாதம், நோயாளி என்று ஒன்றுக்குள் ஒன்றாக டைரக்டரிகளை உருவாக்கி ரிப்போர்ட்டுகளை அதில் வைக்கிறது. உள் டைரக்டரியை உருவாக்கும்போதெல்லாம் அனுமதி இல்லை என்று தகராறு செய்ததால், சோதனைக்காக 0777 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்து எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தேன். அதை மாற்றாமலே ஓட விட்டுவிட்டேன்.

இன்று ரிசப்ஷன் மஞ்சுளா என்னிடம் வந்தாள்.

"அண்ணா, என் டெர்மினல்லயே எல்லாரோட ரிப்போர்ட்டும் தெறக்குது. சும்னே, பொழுதுபோகாம பார்த்தேன். எங்க ஏரியா, மண்டி மொஹல்லா ரவியோட எச்.ஐ.வி. டெஸ்ட் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம அவனுக்குக் கல்யாணம்ண்ணா."

உடனே எல்லா டைரக்டரியையும் 0700 ஆக மாற்றினேன். இனி லேபைத் தவிர யாராலும் திறக்க முடியாது. ரவியின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்ததே போதும்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதே, மஞ்சுளா."

"கல்யாணப் பொண்ணு என் ஃப்ரெண்டுண்ணா," என்றாள்.

அவள் சொல்லிவிட்டால் என் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிட்டால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.