ஏரிக்கரையில் நீ முன்னால் நடந்த காலை

அடியே, பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார். அந்தக் கையைக் கழுவாமலே வந்து சோற்றைப் பிசைந்து தின்றார். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். நீ காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

போன ஐப்பசியில் திருச்சி ஆபீசர் கழுத்தில் பைனாகுலரோடு வந்தாரே. "கிளுவை வாத்து எறங்கியிருக்காமே, எங்கன்னு காட்டும்மா. சும்மா பாக்கத்தான்" என்று உன்னிடம் கேட்டார். உனக்குப் பெருமை பிடிபடவில்லை. விடியும்போது கரைமேல் நீதான் முன்னால் நடந்தாய்.

"சார், செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மண்ணு அதிர்ந்தா எல்லாம் எந்திரிச்சிரும்."

அவர் சிரித்தபடி கழற்றினார். பின்னால் பெரியப்பா ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டித் தூக்கி வந்தார். டவுன்காரர் உட்கார்ந்து பார்க்க விரிப்பு என்றுதான் நாம் நினைத்தோம்.

"ஏண்டி, வடக்கேருந்து இம்புட்டுத் தூரம் வருதே, இதுகளுக்கு எவடி டிக்கெட்டு எடுத்துக் குடுக்கறா?" என்று என் காதில் சொன்னாய். கோரைக்கு அப்பால் தண்ணீர் தெரியாமல் கிளுவைகள். அப்போதுதான் ஜமுக்காளத்தைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு துப்பாக்கிகள்.

சுட்டு முடித்து, ரத்தக் கையால் ஆபீசர் உன் கன்னத்தைத் தட்டினார். "கெட்டிக்காரப் பொண்ணு! நீ இல்லேன்னா இவ்வளவு கிட்டக்க வந்திருக்க முடியுமா?" நீ சேற்றை அள்ளிக் கன்னத்தைத் தேய்த்தாய். தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. அன்று எங்கள் வீட்டில் குழம்பு. பெரியப்பா கறியிலிருந்து ஈயக் குண்டைக் கடித்தெடுத்துத் தட்டில் துப்பினார். அது உருண்ட சத்தத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

யுத்தம் முடிந்ததிலிருந்து தோட்டாவுக்குப் பஞ்சமில்லையாம். அந்த ஆபீசர் இன்று அரியலூரில் ரயில் இறங்கி வந்து, மாடியில் குறட்டை விடுகிறார்.

"அந்தப் புள்ளகூடவே சுத்துனவதானே நீ? நாளைக்கு நீதான் வழி காட்டணும்" என்றார் பெரியப்பா.

"எனக்குத் தெரியாதுங்க பெரியப்பா."

"தெரியலேன்னா பள்ளிக்கூடமும் வேணாம். வூட்டுல கெட."

அடி விழும், பள்ளிக்கூடமும் போகும். ஆனாலும் நாளை முன்னால் நடப்பேன். செருப்பைக் கழற்றச் சொல்வேன், குனிந்து வரச் சொல்வேன். கோரையை நெருங்கியதும், அவர்கள் ஜமுக்காளத்தைப் பிரிக்கும் முன்பே, தொண்டை கிழியக் கத்துவேன்.

உன் பெயரைச் சொல்லித்தான் கத்துவேன். வேறு எதைச் சொன்னாலும் எனக்கு அவ்வளவு சத்தம் வராது.