டைனமோவில் பதிந்த உன் பாட்டுகள்

இன்று கிளிநொச்சிச் சந்தையில், பழைய இரும்புச் சாமான்களுக்குள் ஒரு சைக்கிள் டைனமோ கிடந்தது. எடுத்து அதன் தலையைச் சுழற்றினேன். கிர்ரென்ற அந்தச் சத்தம் கேட்டதும் உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

யாழ்ப்பாணத்தில் நமது இசைக்குழு என்றால் சனத்துக்கு நீதான். கிற்றாரோடு நீ மேடையின் முன்னுக்கு வந்தால், பின்னால் ட்ரம்ஸ் அடிக்கும் என்னை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். போரால் வந்த இடப்பெயர்வு குழுவைச் சிதறடித்தது. கீபோர்ட்காரன் கனடா போனான். பேஸ் வாசித்தவன் செல்லடியில், எறிகணை விழுந்து செத்தான். நீயும் நானும் வன்னியில், அக்கராயனில் அடுத்தடுத்த கொட்டில்களில் வந்து விழுந்தோம். என் ட்ரம்ஸ் யாழ்ப்பாணத்திலேயே கிடந்துபோயிற்று. நீ மட்டும் கிற்றாரைத் தோளில் சுமந்து வந்திருந்தாய்.

மழை விட்ட ஒரு காலையில் சொன்னாய்: "மச்சான், நான் தனியப் பாடி ஒரு கசற் அடிக்கப்போறன்."

"சனம் அரிசிக்கு அலையுது. ஆர் கேக்கப் போகினம்?"

"கேக்காட்டிலும் பரவாயில்லை. இவ்வளவு காலமும் மற்றவையின்ர பாட்டைத்தானே பாடினனான். சாக முதல் என்ர பாட்டைப் பாடோணும்."

மின்சாரம் இல்லை. பற்றறி உள்ளே கொண்டுவர அரசாங்கத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கசற்றில் பதியக்கூடிய றேடியோவுக்குக் கொடுத்தோம். பெடலைச் சுற்றுவது என் வேலை. நான் களைத்துத் தளர்ந்த இடங்களில் நாடா மெதுவாக ஓடும்; திரும்பப் போட்டுக் கேட்டால் அங்கே உன் குரல் கீச்சுக் குரலாகிவிடும். நீ சிரித்துவிட்டு மறுபடி பாடுவாய். நனைந்த கூடாரங்களையும் பதுங்குகுழிகளையும் பற்றிய கோபமான றொக் பாட்டுகள். அப்படித் தமிழில் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கடைசிப் பாட்டுக்கு வரும்போது உனக்கு மலேரியாக் காய்ச்சல். சாக்கைப் போர்த்தபடி நடுங்கினாய். நான் பெடலை விட்டேன்.

"நிப்பாட்டாதை. சுத்து. காய்ச்சலும் பாட்டில கிடக்கட்டும்."

சுற்றினேன். பாடி முடித்தாய்.

அதற்குப் பிறகு நீ எழும்பவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறியது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி, சேற்றுப் பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வேண்டிய மருந்து அங்கே முடிந்திருந்தது. நிறைமாதமாயிருந்த உன் மனைவி ஜெசி உன் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவை குளிர்ந்த பிறகும் தேய்த்தாள். செத்தவீட்டில் யாரோ கசற்றைப் போடக் கேட்டபோது, "வேண்டாம். அவர் மூச்சு வாங்கிறது கேக்கும்," என்றாள்.

அவள் பல வருடங்கள் அதைப் போட்டுக் கேட்கவில்லை. உன் மகள்தான் அலுமாரிக்குள் இருந்து எடுத்துக் கேட்டிருக்கிறாள். போன மாதம் என்னிடம் வந்தாள்.

"அதில பாட்டு மட்டும்தான் இருக்கு, மாமா. அப்பா சும்மா கதைச்சால் எப்பிடி இருக்கும்?"

மேலே நீ கதைத்ததையெல்லாம் திக்கல் இல்லாமல் எழுதிவிட்டேன், குறை நினைக்காதே. பாட்டில் ஒருநாளும் திக்காத நீ, கதைக்கும்போது ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நின்று தடுமாறுவாய். அதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. நான் உன்னைப்போலவே கதைத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொருக்காக் கதையுங்கோ, மாமா."

உன் குரலில் அவள் பெயரைச் சொன்னேன். நீ ஒருநாளும் சொல்லியிராத பெயர். திக்கித்தான் சொன்னேன்.