இரண்டு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுவது. அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். இருப்பது ஒரே அறை. உன் அண்ணனுக்குப் பேச்சுதான் போனது, காது நன்றாகக் கேட்கிறது.

நீ அனுப்பிய மாத்திரைப் பெட்டி நசுங்காமல் வந்து சேர்ந்தது. அவர் பக்கவாதத்தில் விழுந்து பதினோரு நாள் கழித்து.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பிரஷர் மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்பதுதான். நான் சண்டைக்கே போய்விட்டேன். தினமும் என் கையால் தண்ணீர் கொடுத்தவள் ஆயிற்றே. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, பெயின்ட் கடையிலிருந்து அவர் கொண்டுவந்து வைத்திருந்த சாம்பிள் டப்பா ஒன்று கை தட்டிக் கீழே விழுந்தது. உள்ளே மாத்திரைகள். எண்ணினேன், இருபத்தாறு. மாத்திரையை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார்.

அவர் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, அன்றைக்கு ஃபோனில் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. "ஓசில குடுக்கிற மாத்திரைல என்னண்ணே இருக்கும்? சுண்ணாம்புத் தூள்தான். நான் இங்கேருந்து நல்லதா அனுப்புறேன்" என்றாய். பாசத்தில்தான் சொன்னாய். ஆனால் முப்பது வருஷம் பெயின்ட் கலக்கிய மனுஷரிடம் சொன்னாய். மலிவு டப்பாவில் சுண்ணாம்பு சேர்ப்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஃபோனை வைத்ததும் ஆஸ்பத்திரி மாத்திரை ஒன்றை டம்ளர் தண்ணீரில் போட்டு, கடையில் செய்வதுபோலவே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளையாக வண்டல். "பாத்தியா, தம்பி சொன்னது சரிதான்" என்றார்.

பேர்தான் வேறு, மருந்து ஒன்றுதான் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பெண் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்றேன். "அவ அங்க சம்பளம் வாங்குறவ, வேற எப்படிச் சொல்லுவா?" என்று என் வாயை அடைத்துவிட்டார். மறுநாள் பேசாமல் மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டதும் மனம் மாறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பாவி, அந்தக் கையை விரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்த வலது கை அசைவதில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன் பெட்டியைக் காட்டி, அட்டையிலிருந்து கண்ணெதிரே பிதுக்கினால்தான் வாய் திறக்கிறார். மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை.

போன வாரம் உன் பெட்டியை அந்த மருந்துக்காரப் பெண்ணிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் அட்டையையும் அவர்கள் கொடுக்கும் அட்டையையும் படித்தாள். "அக்கா, அங்கயும் உங்க தம்பிக்கு ஜெனரிக்தான், பெரிய கம்பெனிப் பேர் போடாத மலிவு மாத்திரைதான் குடுத்திருக்காங்க. நாங்க குடுக்கிற அதே மருந்துதான், அளவுகூட ஒண்ணுதான்" என்றாள்.

நம்ப மனம் வரவில்லை. மத்தியானம் அவர் தூங்கும்போது இரண்டு டம்ளரில் இரண்டையும் போட்டேன். இரண்டிலும் அதே வண்டல். அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இன்னும் இரண்டு அட்டைதான் மீதி. அது தீர்ந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுப் பெட்டி அனுப்பாதே, அது வழியில் கிடக்கும் நாட்களை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய். அவர் காதில் வைக்கிறேன். "அண்ணே, நான் அனுப்புற மருந்தையே இப்ப அந்த ஆஸ்பத்திரிலயும் குடுக்கிறாங்க, வாங்கிச் சாப்பிடு" என்று சொல். அது பொய்கூட இல்லை. மற்றது எதையும் சொல்லாதே. வீணாகத்தான் விழுந்தோம் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது, தம்பி. ஆனாலும் நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது உனக்குப் பத்து வயது. என் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை நீ. உனக்கும் பிரஷர் இருக்கிறது. அங்கே எந்தப் பெயரில் கொடுத்தாலும் மாத்திரையை விடாமல் சாப்பிடு. நீயாவது நூறு வருஷம் நன்றாக இரு.

மறக்காமல் ஃபோன் செய். நீ சொன்னால் நம்புவார். அன்றைக்கும் நம்பினார்.

ஆசிகளுடன்,
உன் அண்ணி