டாபர்மேனுக்கு நான் பொறுப்பு

தெய்வாத்தாளுக்கு, உன் மூட்டுவலி தேவலையா? கோயமுத்தூர் வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் காவல் இருக்கும் ஆர்.எஸ்.புரம் வீட்டில் சின்ன சங்கதி ஒன்று நடந்தது. அங்கே சீசர் என்று ஒரு டாபர்மேன் நாய் உண்டு. இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனால் ஏழு வயதானால் இந்த ஜாதி நாய்க்கு மூளை பெருத்து, வளர்த்தவரையே குதறிவிடும் என்று யாரோ சொன்னாராம். சீசருக்கு இப்போது ஏழு வயது. வீட்டுக்காரர்கள் ஊசி போட்டுக் கொல்லப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இது ஒரு நாளாவது வாலாட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றார் முதலாளியம்மா.

"குட்டியிலேயே வாலை வெட்டிப்போட்டீங்க. அப்புறம் எதைங்க ஆட்டும், அம்மணி? என்னைக் கண்டா இடுப்பையே ஆட்டுதுங்க" என்றேன்.

"அப்படீன்னா நீங்களே கொண்டு போய் வெச்சுக்கங்க" என்றார் முதலாளி. சரி என்றுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் லாரியில் கூட்டி வருகிறேன். நீ பயப்படுவாய், தெரியும். இரண்டு நாள் உன் கையால் சோறு வை, போதும். ஊரில் எவன் முனகினாலும் நாய் நம் வீட்டில்தான் இருக்கும்.

சீசரை உன்னிடம் விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே திரும்ப வேண்டும். வாரம் ஒரு கார்டு போடு. கேட்டில் ஹாரன் அடிக்கிறார்கள்.

அங்கப்பன்