பக்கத்து சீட்டு

அப்பாவுக்கு வணக்கம்.

முட்டிவலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம். ஒரு நாளைக்கு ஏழு வீடு, ஏழு நோயாளிகள், கால்தான் ஓய்ந்துவிடுகிறது.

என் ஓட்டை காரில் என்ஜின் விளக்கு எரிந்தது. நீங்கள் லாரி ஓட்டியவர், திட்டாதீர்கள்: கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். நேற்று ஊசி போடப் போன வீட்டில் பெரியவர் முகம் சுளித்தார். "என்னம்மா, உம்மேல பெட்ரோல் வாடை அடிக்குது?"

நேரே மெக்கானிக்கிடம் போனேன். பெட்ரோல் ஆவி போகும் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தது; வாடைக்கும் விளக்குக்கும் அதுதான் காரணம். மாற்றியாயிற்று.

"எத்தனை நாளா வாடை வருது?" என்றார்.

"தெரியலையே."

"கூட வர்றவங்க யாரும் சொல்லலையா?"

நான் டேப்பை உரித்தேன்.

அம்மா தேய்த்துக் குளிக்கும் சோப்பில் நாலு கட்டி அனுப்புங்கள்.

அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து சீட்டில் மருந்துப் பையை வைத்தால், ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்துகிறது. மெக்கானிக் அதையும் நிறுத்தித் தருவதாகச் சொன்னார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் மூத்தவள்