என் பெயரில் விழுந்த உங்கள் படிப்பு

அக்கா,

இன்று காலை பிள்ளைக் காம்பராவின் அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் கொப்பி கையில் பட்டது. அட்டையெல்லாம் காய்ந்த ரப்பர் பால். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் அந்தப் புளித்த வாடை. பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இந்த இடத்துக்கு இப்போது நான்தான் பொறுப்பு. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

புளத்கொகுபிட்டியிலிருந்து ஒரு அதிகாரித் தம்பி வந்தாரே, நினைவிருக்கிறதா? மூன்று கல்வி நிறுவனங்கள் சேர்ந்து ஒரே இணையத்தளம் திறந்திருக்கின்றன, எந்த வயதிலும் படிக்கலாம், எதில் படித்தாலும் ஒரே பதிவில் சேரும் என்றார். உங்களுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. "கூரை ஏறி கோழி புடிக்கத் தெரியாதவ, வானம் ஏறி வைகுண்டம் போறாளாம்" என்று எதிர்வீட்டுக்காரி இழுத்தாள். நீங்கள் விடவில்லை. "கோழிய நீ புடிச்சுக்க. நாங்க வைகுண்டம் போறோம்" என்றீர்கள். லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் சிரித்தன.

உங்கள் போனை மகள் கொழும்புக்குக் கொண்டுபோயிருந்ததால், தம்பி என் போனில் என் பெயரை மட்டும் பதிந்தார். "உங்களுக்குத் தனியா பதிஞ்சு தர்றேன், இப்போதைக்கு இவங்க போன்லயே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போன தம்பி அப்புறம் வரவேயில்லை. நாமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லயத்தில் அம்மி பொது, தண்ணீர்க் குழாய் பொது, போனும் பொது. ஒரு போனுக்குள் ஒரு ஆள்தான் இருக்கலாம் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

சிக்னல் கிடைப்பது பால் அளக்கும் கொட்டகைப் படியில் மட்டும். பகல் இரண்டு மணிக்கு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காருவீர்கள். நான் எடுத்தது குழந்தைப் பராமரிப்பு. நீங்கள் இன்னொரு நிறுவனத்தின் முன்பள்ளிப் பாடம். என் பாடம் ஓடும்போது நான் தூங்கி விழுவேன், உங்கள் பாடத்தை நீங்கள் இரண்டு தடவை கேட்பீர்கள். பால் ஒட்டிக் காய்ந்த உங்கள் விரலைத் திரை ஏற்காது. அதனால் கொப்பியில் எழுதி வைத்ததை நீங்கள் வாசிக்க, நான் தட்டினேன். உங்கள் பதில்கள் எல்லாம் என் விரலால் போனவை.

கடைசியில் இரண்டு சான்றிதழ் வந்தன. இரண்டிலும் என் பெயர்.

முதலில் சிரித்தோம். பிறகு போன் போட்டோம். சிங்களத்தில் நீங்கள்தான் பேசினீர்கள், என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். பாடம் நடத்திய இடம், பதிவு அடுத்த நிறுவனத்திடம் என்றது. அங்கே கேட்டால், தளத்தைப் பார்ப்பது மூன்றாவது நிறுவனமாம். மூன்றாவது இடத்தில் பேசிய நோனா அம்மா, "அப்பே பெத்தென் ஹரி" என்றார். அவர்கள் பக்கம் எல்லாம் சரிதானாம். யார் பக்கம்தான் சரியில்லை? ஊர் கூடித் தேர் இழுத்தார்கள் அக்கா, தேர் உங்கள் மேல் ஏறியபோது வடத்தைப் பிடித்திருந்த கை ஒன்றுகூட இல்லை.

அந்த நேரம் பார்த்து இங்கே வேலை காலியானது. முன்பள்ளிச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். அதற்காகத்தானே நீங்கள் அத்தனை பாடுபட்டீர்கள்! "நீயாவது போடி. ரெண்டு பேரும் வெளிய நின்னா யாருக்கு லாபம்?" என்றீர்கள். சொல்லிவிட்டு வெட்டுக்கத்தியைத் தீட்டப் போனீர்கள். நான் இந்த வேலைக்கான வெள்ளைச் சேலையைக் கட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டீர்கள்.

நீங்கள் போகச் சொன்னதால்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உங்கள் மகளிடமும் அதையே சொன்னேன். அது பாதி உண்மை.

நேர்முகப் பரீட்சையில் ஒரு அம்மா என் பதிவைத் திறந்து, முன்பள்ளிப் பாடத்தின் பதில் ஒன்றைச் சத்தமாக வாசித்தார். காலையில் பிள்ளையை விட்டுப்போகும் தாயைப் பற்றிய கேள்வி. 'அவள் திரும்பிப் பார்க்காமல் போவது அன்பில்லாமல் அல்ல. திரும்பிப் பார்த்தால் அவளால் மலை ஏற முடியாது. அவள் போன பிறகு பிள்ளையிடம் அவளைத் திட்டாதீர்கள்' என்று நீங்கள் சொன்ன பதில். வாசித்து முடித்து அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாரும் சொல்லித் தந்தாங்களா, இல்ல நீங்களாவே எழுதினீங்களா?"

அங்கே சொல்லியிருக்கலாம். கேட்கக்கூடிய ஆள், கேட்கிற நேரம். வேலை போயிருக்கும், ஆனால் அந்தப் பதிலாவது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். இணையத்தளத்தையும் நோனாவையும் இத்தனை நாள் திட்டித் தீர்க்கிறேனே, அந்த அறையில் எந்தத் தளமும் என் வாயை அடைக்கவில்லை.

"நானேதான் எழுதினேன்" என்றேன்.

சாயங்காலம் வந்து வேலை கிடைத்த செய்தியை மட்டும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சினீர்கள். உங்கள் விரலில் அன்றைய பால் இன்னும் காயவில்லை.