கேமரா திரும்பிக்கொண்ட நேரம்

அன்புள்ள கேப்டனுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பிரான்சின் அந்த மலைச் சைக்கிள் பந்தயத்தைத் தனி ஆளாகப் போராடி வென்றதாக நேற்று நம் ஊர் பல்லாரட் வானொலியில் சொன்னாய். ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்த என் மனைவி நோலீன் நிமிர்ந்தாள். "தனியா ஜெயிச்சானாம். அப்ப நீ எங்க இருந்தே, ஓரமா நின்னு வேடிக்கை பாத்தியா?"

நான் உனக்கு முன்னால் இருந்தேன். எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டு ஒற்றையாகப் போய்க்கொண்டிருந்தேன். என் வாழ்நாளின் ஒரே வெற்றி கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது காதுக்கருவியில் நம் அணி மேலாளர், "நில்லுடா. கேப்டன் பின்தங்கிட்டான், இழுத்துட்டு வா" என்றார். நீ ஜெயிக்க உழைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நின்றேன்.

வந்ததும் நீ தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"இறங்க நேரமில்லடா. நீ தள்ளு, நான் ஓட்டிக்கிட்டே ஒண்ணுக்குப் போயிடறேன்."

அந்த ஏற்றத்தில் உன் இடுப்பில் கைவைத்துத் தள்ளினேன். "குலுக்காம தள்ளுடா, ஷூ நனையுது" என்று அதட்டினாய். வீரர்கள் சிறுநீர் கழிக்கும்போது படம் பிடிக்கக் கூடாது என்பது நம் தொழிலில் மரியாதை. தொலைக்காட்சிக் கேமரா நாகரிகமாகத் திரும்பி ஒரு பசுவைக் காட்டியது. அது மறுபடி உன் பக்கம் வந்தபோது நீ என்னை விட்டுவிட்டுப் பறந்திருந்தாய். நோலீன் இன்றும் அந்தப் பசுவைத்தான் நினைவில் வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை உனக்கு நடக்கும் பாராட்டு விருந்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. தள்ளியது யார் என்று மேடையில் ஒரு வாக்கியம் சொல். அவள் காதில் விழட்டும்.

இதில் பெயர் எழுதாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன். எழுதியது யார் என்று நீ யோசிக்க வேண்டியிருந்தால், என் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.